உள்பக்கத்துப் பூட்டு

ஒன்பது கதவுகள்.
முப்பத்தாறு அங்குலம் என்றது சுற்றறிக்கை.
அளந்தால் ஒவ்வொரு நிலையும் ஒவ்வோர் அகலம்.
மூன்றாம் ஆண்டு வகுப்பின் நிலை
செம்பனை லாரிகள் போகும் பக்கமாய்
அரை அங்குலம் சாய்ந்திருந்தது.

ஊத்தான் மெலிந்தாங்கில்
கிரில் பட்டறை வைத்திருப்பவன் நான்.
பதினெட்டு வருடமாய்ப்
போகிறவர்களுக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறேன்:
வீட்டைச் சாத்திவிட்டுக் கிளம்புகிறவன்,
கடையை இறக்கி மூடுகிறவன்,
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மோட்டார் சைக்கிளை உதைக்கிறவன்.
உள்ளே இருந்துகொண்டு பூட்டுகிறவர்களுக்கு
இதுவரை எதுவும் செய்ததில்லை.

பழைய கதவுகளில் கொண்டி வெளியே இருந்தது.
டீச்சர் வெளியே வந்து பூட்டிவிட்டு
எந்த வழியாய் உள்ளே போவார் என்று கேட்டேன்.
தலைமையாசிரியை திலகேஸ்வரி சிரித்தார்.
சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டு
ஜன்னல் வழியே வேலியைப் பார்த்தார்.
மாடு நுழைகிற ஓட்டை, மூன்று இடத்தில்.

சாவியே வேண்டாம் என்றேன்.
நடுங்குகிற கையில் சாவி மீன்குஞ்சு மாதிரி.
ஒரு குமிழ், கட்டைவிரலால் ஒரு திருப்பு, போதும்.
தீயணைப்பு நிலையத்து ஹஸ்புல்லா
வேறு கணக்கோடு வந்தார்.
புகை கிளம்பினால்
ஏழு வயதுப் பிள்ளை ஒரே அழுத்தில் திறக்க வேண்டும்,
அப்போது சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரமிருக்காது என்று
மலாயில் நிதானமாய்ச் சொன்னார்.

யாரும் திறக்க முடியாத கதவு.
யாரும் திறக்கக்கூடிய கதவு.
இரண்டுக்கும் சேர்த்து எண்ணூற்று ஐம்பது வெள்ளி.

சிமெண்டுப் பை அட்டையில் இரவெல்லாம் வரைந்தேன்.
மனைவி அதன்மேல் கருவாட்டுத் தட்டை வைத்தாள்.
எண்ணெய்க் கறையைச் சுற்றிக்கொண்டு
மறுபடி வரைந்தேன்.
உள்கைப்பிடி எப்போதும் திறக்கும்.
குமிழைத் திருப்பினால்
வெளிக்கைப்பிடி மட்டும் செத்துப்போகும்.

பார்ப்பதற்கு நாலு அங்குலக் கண்ணாடி.
உடைத்தாலும் குமிழுக்குக் கை எட்டக் கூடாது.
எவனுடைய கை?
என்னுடையதைத் தவிர வேறு அளவு என்னிடம் இல்லை.
கண்ணாடி பதிக்காத துளையில் தோள்வரை நுழைத்து
விரல்களால் துழாவினேன்.
தட்டுப்பட்டது.
கழற்றி, இன்னும் ஆறு அங்குலம் தள்ளிப் பொருத்தி
மறுபடி துழாவினேன்.
உள்ளே வெண்பலகையில்
நேற்றைய தேதி அழியாமல் இருந்தது.

வியாழக்கிழமை ஒத்திகை.
மணி மூன்று முறை.
ஒன்பது குமிழ்கள் அடுத்தடுத்துத் திரும்பின.
துருப்பிடிக்காத நல்ல சத்தம்,
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
அப்போது கழிப்பறைப் பக்கமிருந்து ஒரு பையன்,
ஈரக் கையைக் கால்சட்டையில் துடைத்தபடி.

இரண்டாம் ஆண்டு. ஹர்வினேஸ் என்று பிறகு தெரிந்தது.
கைப்பிடியை அழுத்தினான்.
நான் வரைந்தபடியே அது
கீழே போய் மேலே வந்தது, ஒன்றும் நடக்கவில்லை.
‘டீச்சர், நான்தான்.’
விதி அப்படி:
பூட்டியபின் எந்தக் குரலையும் நம்பக் கூடாது.
நான்தான் என்று யாரும் சொல்லலாம்.
‘டீச்சர், நான்தான் டீச்சர்.’

அவன் அழவில்லை.
திரும்பி, நடைபாதையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான்.
நான் இருந்தேன்.
முகத்தில் பாதிக்குத் துணி, கையில் துளைக்கருவி.
‘ஒன்றுமில்லை தம்பி’ என்று ஓரடி வைத்தேன்.
ஓடினான்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
அவனைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம் ஆனது.

பத்தாவது கதவு விலைப்பட்டியலில் இல்லை.
கழிப்பறைக் கட்டடத்து வாசலுக்கு,
மிச்சத் தகட்டில் செய்தது.
ரஃபிக் நிலையைப் பிடித்துக்கொண்டான்.
குமிழை முப்பது அங்குலத்தில் வைக்க
முட்டி போட வேண்டியிருந்தது.

சோதித்துப் பார்க்க அவனையே அனுப்பினார்கள்.
என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
உள்ளே போய்ச் சாத்தினான். திருப்பினான்.
நான் கைப்பிடியை அழுத்தினேன்.
கீழே போய் மேலே வந்தது.

நான்தான் என்று சொல்ல வந்தேன்.
செம்பனை லாரி ஒன்று கடந்துபோனது,
சுவர் அதிர்ந்தது,
பூட்டின் நாக்கு அசையவில்லை.
என்னுடையதையும் அடக்கிக்கொண்டு
வெயிலில் நின்றிருந்தேன்,
அவனாய் வரும்வரை.